நான் கண்டுபிடித்த நீலக் காளான்

என் இருபத்து நாலாவது வயதில் நான் ஒரு புதிய காளான் இனத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பெயரும் வைத்தேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னேன். அது காளானே இல்லை என்கிற விஷயம் மட்டும் பதினோரு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. எப்படிப்பட்ட சபையில், யார் வாயால் தெரியவந்தது என்பதை நானே எழுதிவிடுவது நல்லது. (இல்லாவிட்டால் என் தங்கை விஜயா சொல்வாள். அவள் சொல்லும் கதையில் நான் மயக்கம் போட்டு விழுகிறேன். நான் விழவில்லை. நாற்காலியில் வேகமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. குடியாத்தத்தில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு பவர்லூம். லுங்கி நெய்து கொடுப்பார். எங்கள் தெருவில் எம்.எஸ்சி. படித்த முதல் பெண் நான். அதை நானே தினமும் இரண்டு பேருக்காவது நினைவுபடுத்தி வந்தேன். என்னைவிட ஐந்து வயது சின்னவள் விஜயா. பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போய் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அதாவது, தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் குழல்களில் நூல் சுற்றும் வேலை. "அக்காவப் பாத்து கத்துக்கோ" என்று அம்மா அவளிடம் ஒரு நாளைக்கு ஒன்பது முறை சொல்வாள். நான் பக்கத்தில் நின்று அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

வேலூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. தலைவி டாக்டர் எஸ்தர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். எங்கள் வேலை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் மண்டிகளில் உப்புப் போட்டு அடுக்கிவைத்த ஆட்டுத்தோல்கள் ஏன் புள்ளிபுள்ளியாய்க் கெட்டுப்போகின்றன என்று கண்டுபிடிப்பது. எந்த நுண்ணுயிர் அதைத் தின்கிறது, எவ்வளவு ஆழம் வரை போகிறது என்று பார்க்க வேண்டும். தோல் துண்டுகளைக் கொண்டுவந்து தருபவர் ஆம்பூர் கரீம் பாய். தொழிற்சாலை அவருடையது. துண்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே அவர் முகம் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிவந்த தகப்பன் மாதிரி இருக்கும். "பாரும்மா, எப்டி நோஞ்சு போய் கெடக்குது" என்பார்.

எங்களிடம் இருந்த சொத்து ஒரு ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப். ஜெர்மனியிலிருந்து வந்தது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழேயிருந்து வரும், பொருளைப் பார்ப்போம். இதில் ஒரு பாதரச விளக்கு ஒரு நிறத்தில் ஒளியைப் பாய்ச்சும். சாயம் ஏற்றிய கிருமி அதை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் தானாக ஒளிரும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் பச்சையும் ஆரஞ்சுமாய்ப் புள்ளிகள். முதல்முறை பார்த்தபோது நான் கண்ணை எடுக்கவே இல்லை. டாக்டர் எஸ்தர் தோளைத் தட்டி, "சாயம் வெளுத்துடும், சரோஜா. பாக்கப் பாக்க மங்கும்" என்றார். அப்படியே ஆனது. ஐந்து நிமிடத்தில் என் கண்முன்னாலேயே அவை மங்கிக் காணாமல் போயின.

அந்தப் பாதரச விளக்குதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து மாமியார். அணைத்தால் அரைமணி நேரம் ஆறாமல் மறுபடி போடக் கூடாது. போட்டால் அரைமணிக்கு முன்னால் அணைக்கக் கூடாது. இத்தனை மணி நேரம்தான் எரியும் என்று ஒரு கணக்கு, அதற்குமேல் வெடித்துவிடலாம் என்று கூடவே ஒரு பயமுறுத்தல். கையிருப்பில் இருந்தது கடைசி விளக்கு. அதன் ஆயுளிலும் முக்கால்வாசி போயிருந்தது. அடுத்த விளக்கு எப்போது வரும் என்று டில்லியில் யாருக்கும் தெரியாது. அதனால் விளக்கை மிச்சம் பிடிப்பதே என் பிறவிப் பயன் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

இந்த நேரத்தில் டாக்டர் எஸ்தர் ஒரு கருத்தரங்குக்காகப் பத்து நாள் வெளியூர் போனார். ஆராய்ச்சிக்கூடம் என் கையில். (நாட்டையே ஒப்படைத்த மாதிரி நான் நடந்துகொண்டேன். காவலாளி என்னைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை என்று ஒருநாள் வருத்தப்பட்டதாகக்கூட ஞாபகம்.)

அவர் போன மறுநாள் கரீம் பாய் கொடுத்த துண்டைச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எப்போதும் பார்க்கும் வடிகட்டியை விட்டு, சும்மா பார்ப்போமே என்று புறஊதா ஒளிக்கான வடிகட்டிக்குத் திருப்பினேன்.

தோலின் மங்கலான இழைகளுக்கு நடுவே பளீரென்று நீலம். நீண்ட நீண்ட தந்துகள். முறுக்கிக்கொண்டு, கிளைத்து, தோலுக்குள்ளே புகுந்து புறப்பட்டுப் போனது போல் இருந்தன. சாயமே போடாத துண்டு அது! பத்து நிமிடம் பார்த்தேன், மங்கவே இல்லை. சாயம் என்றால் மங்க வேண்டும். மங்காமல் தானாக ஒளிர்கிறது என்றால், உயிருள்ள ஏதோ ஒன்று. கிளை இருக்கிறது என்றால் பூஞ்சை. தோலைத் துளைத்துப் போகிறது என்றால், கரீம் பாயின் எதிரி இதுதான்.

பூஞ்சை என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது என்பதால் மனசுக்குள்ளேயே அதைக் காளான் ஆக்கினேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது பள்ளிகொண்டா வருவதற்குள் லத்தீன் பெயரும் தயார். குடியாத்தமென்சிஸ். என் பெயரையே வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஊருக்கு விட்டுக்கொடுத்தேன். என் பெருந்தன்மைக்கு அளவே கிடையாது.

வீட்டில் சொன்னேன். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். (அவர் தறியை நிறுத்துவது மின்வெட்டின்போது மட்டும்தான்.) மறுநாள் காலைக்குள் தெருவே கேட்டது. "சரோஜா புதுசா ஒரு காளான் கண்டுபுடிச்சிருக்குதாம். நீலமா எரியுமாம்." எதிர்வீட்டு அம்மாள் அதைக் குழம்பு வைக்கலாமா என்று விசாரித்தார். விஜயா மட்டும் குழலில் நூலைச் சுற்றிக்கொண்டே, "அது இன்னாக்கா, சும்மா கெடந்தா எரியுது? கரண்டு வேணாமா?" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை அன்று நான் தெளிவாகவும் சத்தமாகவும் சொன்னேன் என்பதற்குச் சாட்சிகள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

கரீம் பாய்க்கும் போன் போட்டேன். "உள்ள பூந்துடுச்சா? அப்போ கெடங்குல இருக்குற ஸ்டாக்கெல்லாம்?" என்றார். அவர் குரல் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "கவலைப்படாதீங்க பாய், கண்டுபுடிச்சாச்சு இல்ல" என்றேன். நோயைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நோயாளியை மறந்துவிட்டேன்.

டாக்டர் எஸ்தர் திரும்பி வந்ததற்கு மறுநாளே எங்கள் திட்டத்தை மேலும் நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர், கூட இரண்டு பேர். நீட்டிக்காவிட்டால் மைக்ராஸ்கோப் மெட்ராஸுக்குப் போய்விடும். நான் குடியாத்தத்துக்குப் போய்விடுவேன். அங்கே எனக்காக ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டாக்டர் எஸ்தர் வந்ததும் என் நீலத் தந்துகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"வெறும் ஸ்லைடு பார்த்தியா?"

தோலே வைக்காமல், வெறும் கண்ணாடியை மட்டும் அதேபோல் மூடிப் பார்ப்பது. அதில் ஒன்றும் ஒளிரவில்லை என்றால்தான் ஒளிர்வது தோலில் இருக்கிறது என்று நம்பலாம். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த பாடம். ஒன்றுமில்லாத கண்ணாடியைப் பார்க்க எதற்குக் கடைசி விளக்கை வீணாக்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை.

"பார்த்தேன் மேடம்" என்றேன்.

அது பொய். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி. நாளைக்குக் காட்டு" என்றார்.

மறுநாள் குழு வந்தது. கரீம் பாய் வெள்ளைத் தொப்பியும் கவலையுமாய் வந்திருந்தார். அப்பாவுக்கு ஆர்டர் அவசரம், வரமுடியவில்லை. தனக்குப் பதிலாக, வந்தவர்களுக்கு முறுக்கு கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய டின்னோடு விஜயாவை அனுப்பியிருந்தார். அவளை ஒரு மூலையில் நிற்கச் சொன்னேன். "எதையும் தொடாத. யாராச்சும் கேட்டா மட்டும் பேசு" என்று உத்தரவு.

கறுப்புத் திரை போட்ட அறை. நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். பேராசிரியர் உட்கார்ந்து பார்த்தார். "அழகா இருக்கே" என்றார். நான் வளர்ந்தேன். கூட வந்த இருவரும் பார்த்தார்கள். கரீம் பாய் பார்த்துவிட்டு "யா அல்லா" என்று நெஞ்சில் கை வைத்தார். பேராசிரியர் மூலையைப் பார்த்து, "நீ யாரும்மா? நீயும் வந்து பாரேன்" என்றார்.

விஜயா வந்து உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். பக்கவாட்டுக் குமிழில் கையை வைத்தாள். நான் "தொடா..." என்று ஆரம்பிப்பதற்குள் திருப்பிவிட்டாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். குழலில் அறுந்த நூல் முனையைத் தேடுகிறவள் எப்படிப் பொறுமையாய்த் தேடுவாளோ அப்படி.

"அக்கா, இது நூலுதானே?"

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எது நூலு?" என்றேன். என் குரல் ஏதோ கிணற்றிலிருந்து வந்தது.

"இந்த நீலமா இருக்குறது. பிஞ்ச பருத்தி நூலு. முறுக்கு தெரியுதே. முனை பிரிஞ்சு கெடக்குது பாரு, அத்த போய் கெளைன்றியே." மறுபடி குமிழைத் திருப்பினாள். "அதுவும் உள்ளல்லாம் பூரல. நூலு தெளிவா தெரிஞ்சா தோலு மங்குது. தோலு தெளிவா தெரிஞ்சா நூலு மங்குது. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா ஒண்ணா தெரியணும் இல்ல? இது மேல சும்மா கெடக்குது."

பேராசிரியர் அவளை எழுந்திருக்கச் சொல்லாமலேயே பக்கத்தில் குனிந்து பார்த்தார். குமிழைத் திருப்பினார்.

"நூல் ஏன் இப்படி ஒளிரணும்?" என்று டாக்டர் எஸ்தர் கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து. பதில் விஜயாவிடமிருந்து வந்தது.

"அக்கா கோட்டு பாக்கெட்ல ஒரு துணி வெச்சிருக்குமே, அதுல இருந்து ஒரு இழை எடுத்து வெச்சிப் பாருங்க மேடம்."

அந்தத் துணியின் சரித்திரம் இது. கண்ணாடி துடைக்கும் வெளிநாட்டுக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. நான் சாமர்த்தியமாக அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சதுரம் சதுரமாக வெட்டி, புதிதாக வந்த சலவைத் தூளில் மூன்று முறை துவைக்கச் சொல்லி விஜயாவிடம் கொடுத்திருந்தேன். ரேடியோவில் வெண்மைக்கு மேல் வெண்மை என்று கத்துவார்களே, அந்த வகைத் தூள். துணி வெள்ளையாய்த் தெரிவதற்காக அதில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கலக்கிறார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அந்தத் துணியால்தான் ஒவ்வொரு மூடு கண்ணாடியையும் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து தோலின் மேல் வைத்திருந்தேன்.

டாக்டர் எஸ்தர் வெறும் கண்ணாடியில் ஓர் இழையை வைத்தார். குடியாத்தமென்சிஸ் தகதகவென்று எரிந்தது.

அப்போதுதான் நான் நாற்காலியில் வேகமாக உட்கார்ந்தேன். உட்காரும்போது என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கை நீட்டி விளக்கையும் அணைத்துவிட்டேன். அந்தக் காட்சி இன்னும் ஒரு நொடி நீடிக்கக் கூடாது என்று என் கை நினைத்ததோ என்னவோ.

"ஐயோ, அரைமணி நேரம்" என்றார் டாக்டர் எஸ்தர். எங்கள் உண்மையான வேலையை, சாயம் போட்ட கிருமிகளை, இன்னும் யாருக்கும் காட்டவே இல்லை.

எல்லோரும் வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். விளக்கு ஆற வேண்டும். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விஜயா டின்னைத் திறந்தாள். கடக் முடக்கென்று முறுக்குச் சத்தம்.

கரீம் பாய்தான் முதலில் கேட்டார். "அப்போ என் தோல்ல காளான் இல்லியாம்மா?"

"இல்ல பாய்."

"உள்ள பூரலியே?"

"பூரல பாய். மன்னிச்சிடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரண்டு கையையும் தூக்கினார். "எத்தினி நாளா பேஜாரா இருந்துச்சு தெரியுமா? நேத்து ராவுல தூக்கமே இல்ல. இந்தத் தங்கச்சி நல்லா இருக்கணும்." ஒரே கையில் மூன்று முறுக்கு எடுத்துக்கொண்டார். அந்த வராந்தாவில் அத்தனை சந்தோஷமான மனிதர் வேறு யாரும் இல்லை.

அவருடைய தூக்கமில்லாத இரவுகளைக் கேட்டதும் எனக்கு வெட்கம் வேறு மாதிரி ஆயிற்று. அதுவரை என் மானம் போனதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் எஸ்தரிடம் போய் மெதுவாகச் சொன்னேன்: "மேடம், வெறும் ஸ்லைடு நான் பார்க்கவே இல்ல. பார்த்தேன்னு சொன்னது பொய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லிட்டே. அவர்கிட்டயும் சொல்லு" என்று பேராசிரியரைக் காட்டினார்.

நாலு அடி தூரம். ஆம்பூர்வரை நடந்த மாதிரி இருந்தது. சொன்னேன். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்.

"விளக்கை மிச்சம் புடிக்கலாம்னு, சார்."

"வெறும் ஸ்லைடு பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"இத்தனை நாள்ல அந்தக் காளானை எவ்வளவு நேரம் பாத்தே?"

விளக்கு எரிந்த நேரத்தைக் குறிக்கும் நோட்டு என் கையிலேயே இருந்தது. கூட்டிப் பார்த்தேன். "ஒன்பது மணி நேரம் சார்."

அவர் முகம் மாறவில்லை. முறுக்கை வாயில் போட்டவர் மெல்லவும் இல்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பில் புரையேறி, கூட வந்தவர் முதுகில் தட்ட, விஜயா தண்ணீருக்கு ஓட, ஒரு குழுவின் தலைவரையே கொன்றுவிட்டேனோ என்று நான் பதற, ஒரே அமர்க்களம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நான் மாணவனா இருந்தப்ப ஸ்லைடுல பதிஞ்ச என் விரல் ரேகையையே ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்மா. அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அரைமணி ஆனது. விளக்கு பிடித்துக்கொண்டது. இந்த முறை அந்தத் துணி படாத கண்ணாடியால் மூடி, நானே முதலில் வெறும் ஸ்லைடை வைத்தேன். கன்னங்கரேல் என்று ஒன்றுமே இல்லை. அப்படி ஓர் அழகான ஒன்றுமில்லாததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு சாயம் போட்ட தோலை வைத்தேன். உப்பு சரியாகப் படாத இடத்தில் மட்டும் கிருமிகள் பச்சையும் ஆரஞ்சுமாய்க் கூட்டம் கூட்டமாக நின்றன. கரீம் பாய் பார்த்துவிட்டு, "அடுக்குல அடியில போற தோலுக்கு உப்பு கம்மியா விழுது. நம்ம ஆளுங்க அவசரம்" என்றார். காளானைப் போல் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் அது உண்மையான விடை. மறுவாரமே அவர் அடித்தோலுக்கு உப்பை ஜாஸ்தி பண்ணச் சொல்லிவிட்டார். அடுத்த முறை கொண்டுவந்த துண்டுகளில் புள்ளி நிஜமாகவே குறைந்திருந்தது.

திட்டம் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. கூடவே கண்ணாடி துடைக்கும் காகிதமும் இரண்டு புது விளக்கும் கிடைத்தன. குழு கிளம்பும்போது பேராசிரியர் டாக்டர் எஸ்தரிடம், "அந்தச் சின்னப் பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். பத்தாவது பெயில் என்று விஜயாவே சொன்னாள். "கணக்கு மட்டும்தான் சார் போச்சு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே டாக்டர் எஸ்தர் அவளை வரச்சொன்னார். முதலில் கண்ணாடி கழுவும் வேலை. (என் துணியை வைத்து அல்ல.) அந்த வருடமே கணக்கு எழுதித் தேறினாள். என் உதவியோடு என்று சொல்ல ஆசைதான். கரீம் பாயின் மகள் சொல்லிக்கொடுத்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகத் தோலையும், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நரம்பையும் சிறுநீரகத்தையும் சீவும் கருவி அவள் கைக்குப் போயிற்று. வெங்காயச் சருகைவிட மெல்லிசாக அவள் சீவிக் கொடுத்ததைப் பெரிய ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கினார்கள். காபி குடித்துப் போன மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். நான் முனைவர் பட்டம் வாங்கினேன். என் ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு கறுப்புப் படம் இருக்கும். வெறும் ஸ்லைடு. அச்சடித்தவர் படம் விழவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

பல வருடம் கழித்து வேறோர் ஊரில் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் என்ற ஒன்றின் முன் உட்கார்ந்தேன். லேசர் ஒளி புள்ளி புள்ளியாய் ஓடும். வரும் வெளிச்சம் ஓர் ஊசித்துளை வழியாகத்தான் போக முடியும். அதனால் மேலே கிடப்பதும் கீழே கிடப்பதும் கலக்காமல் ஒரே ஒரு தளம் மட்டும் துல்லியமாகத் தெரியும். அப்படித் தளம் தளமாக அடுக்கிப் பார்த்தால் எது உள்ளே, எது மேலே என்று சந்தேகமே வராது. விளக்கிச் சொன்ன இளைஞர், "இதுக்கு முன்னாடி இதையெல்லாம் எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று வியந்தார். தங்கை இருந்தாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் துணியில் ஒட்டும் நூல் பிசிருக்கு அன்றிலிருந்து காளான் என்றுதான் பெயர். "அக்கா, தோள்ல காளான் மொளச்சிருக்கு" என்று கல்யாண வீட்டில்கூட விஜயா தட்டிவிடுவாள். பிள்ளைகள் அந்தச் சொல்லோடேயே வளர்ந்தார்கள். விஜயாவின் மகள் ஆறாம் வகுப்பில் அறிவியல் பரீட்சை எழுதினாள். காளான் வகைகள் இரண்டு எழுதுக என்று கேள்வி. ரொட்டிக் காளான், சட்டைக் காளான் என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் கூப்பிட்டு, சட்டைக் காளான் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"எங்க பெரியம்மா கண்டுபுடிச்சது மிஸ். அவங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்க" என்றாளாம்.

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டுவிட்டார். விஜயா அந்த விடைத்தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் பிறந்த நாளுக்கு அனுப்பிவைத்தாள். என் அறையில் முனைவர் பட்டத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.